விருந்தாளிக்கு எந்த இடம்?

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு வீட்டுக் கூடத்தில், சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மாலை, நாற்காலி பெரிய பிரச்னையாகிவிட்டது.

வீணை, வயலின், மிருதங்கம் மூன்றும் ஜமக்காளத்தின்மேல் இடம் பிடித்துக்கொண்டுவிட்டன. நாலாவது வாத்தியம் செல்லோ. பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: செல்லோ என்பது வயலினுக்குத் தமையன் மாதிரி. அதே உருவம், அதே நாலு தந்தி, அதே வில். ஆனால் தோளில் ஏறாது. இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே நிறுத்திவைத்துத்தான் வாசிக்க வேண்டும். குரல் கனத்த ஆண்குரல். தமிழ் சினிமாப் பாட்டுக் கேட்கிறவர்கள் எல்லோரும் அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள். சோகக் காட்சிகளில் பாட்டுக்கு அடியில் ஏதோ ஒன்று நெஞ்சைப் பிசைகிறதே, பெரும்பாலும் அது இதுதான். பெயர்தான் தெரிந்திருக்காது.

வாசிக்க வந்தவர் வெளிநாடுகளில் எல்லாம் கச்சேரி செய்து பெயர் வாங்கியவர். மேல்நாட்டு முறையில் பயின்றுவிட்டுப் பிறகு நம் சங்கீதத்துக்குத் திரும்பியவர். பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்கு இந்த மாதிரி எழுத்துக்களில் தம் பெயர் அடிபடுவது பிடிக்காது என்று கேள்வி. அவருக்காகப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அவர் அதைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த வீணை மாமியைப் பார்த்தார். மாமிக்கு எழுபது வயதுக்கு மேல். வீடும் மாமியுடையதுதான்.

"நான் மட்டும் மேலேயா உட்காருவது?" என்றார்.

"அதனால் என்ன, உங்கள் வாத்தியம் அப்படி" என்றார்கள் எல்லோரும். அவருக்கு மனசு ஒப்பவில்லை. கடைசியில் சமையலுள்ளிலிருந்து ஒரு குட்டை முக்காலி வந்தது. செல்லோவின் அடியில் இரும்பு ஊசிக்கால் ஒன்று உண்டு. அதை உள்ளே தள்ளிக் குட்டையாக்கிக்கொண்டு, வாத்தியத்தை நன்றாகச் சாய்த்து வைத்துப் பார்த்தார். சரியாக வந்தது. இப்போது மாமிக்குக் கவலை வந்துவிட்டது. அவளுடைய மாமனார் காலத்தில் போட்ட சிவப்பு சிமெண்டுத் தரை, கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. அதில் இரும்பு ஊசியைக் குத்துவதா? எழுந்து போய், தான் சாப்பிட உட்காரும் மணையைக் கொண்டுவந்து போட்டாள். ஊசிக்கால் அதில் இறங்கியது. கச்சேரி ஆரம்பமாயிற்று.

நான் சொல்ல வந்தது அந்தக் கச்சேரியை எப்படிக் கேட்டேன் என்பதைப் பற்றி அல்ல. அதற்குப் பிறகு ஏற்பட்ட ஒரு தர்க்கத்தைப் பற்றி. ஆனால் கச்சேரியைக் கொஞ்சமாவது சொல்லாமல் தர்க்கம் விளங்காது.

கூடத்தில் நாற்பது பேர் இருந்திருப்போம். ரேழியில் இன்னும் பத்துப் பேர். ஒலிபெருக்கி கிடையாது. வந்தவர்களில் பாதிக்கு மேல் மாமியின் வீணையைக் கேட்க வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் இந்த ஊரில் மூன்று தலைமுறைப் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள். அப்படிப்பட்டவர்களிடம் ஊருக்கு மரியாதை உண்டு, ஆவல் கிடையாது. ஆவல் எல்லாம் விருந்தாளியின்மேல்.

காம்போஜி எடுத்தாள். 'ஓ ரங்கசாயி' வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தியாகராஜ ஸ்வாமிகள் ஸ்ரீரங்கத்துப் பெருமாள்மேல் பாடிய ஐந்து கீர்த்தனைகளில் ஒன்று. ஸ்ரீரங்கத்துக் கூடத்தில் வேறு எதைப் பாடுவது? ஆலாபனையை மாமி மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். வீணையின் சங்கடம் உங்களுக்குத் தெரியும். மீட்டின நிமிஷத்தில் நாதம் பிறக்கிறது. பிறந்த நிமிஷத்திலேயே தேய ஆரம்பிக்கிறது. வயலினுக்கு வில் இருக்கிறது, புல்லாங்குழலுக்கு மூச்சு இருக்கிறது. வீணைக்கு மிஞ்சுவது நினைவுதான். வயசான கை, மீட்டில் பழைய வலு இல்லை. பஞ்சமத்தில் வந்து நின்றாளானால் மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கு அது அரை விநாடிக்குத்தான் கேட்டது. முற்றத்துக்கு மேலே போன ஒரு காக்கை அதைவிடப் பலமாக இருந்தது.

அந்த இடத்தில் செல்லோ நுழைந்தது. நுழைந்தது என்பதுகூடச் சரியில்லை. அந்தப் பஞ்சமம் தேய்ந்துபோன இடத்தில் அதே பஞ்சமம், ஒரு ஸ்தாயி கீழே, இருந்துகொண்டிருந்தது. அடுத்த மீட்டு வரும்வரை இருந்தது. மாமி அடுத்த ஸ்வரத்துக்குப் போனதும் அது மறைந்தது. வில்லை வைத்துவிட்டு, சில இடங்களில் விரலால் தந்தியைச் சுண்டினார். அது வீணைக்கு ஒரு பெரிய அண்ணா கிடைத்த மாதிரி இருந்தது. தம் முறை வந்தபோது ஆலாபனை செய்தார், நன்றாகவே செய்தார், ஆனால் சுருக்கமாக. கல்பனை ஸ்வரத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் மிருதங்கக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டு மின்னல் மாதிரி ஒரு வரிசை போட்டார். 'இது என்னால் முடியாது என்று நினைக்காதீர்கள்' என்று எங்களுக்குச் சொன்ன மாதிரி இருந்தது. அதுவும் மனுஷ சுபாவந்தானே! மற்றபடி இரண்டு மணி நேரமும் கீழேயே இருந்தார்.

திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தின்மேல் என் சிநேகிதர் பொருமித் தீர்த்துவிட்டார். அவர் தென்னூரில் வக்கீல். சங்கீதத்தில் ஆழ்ந்த ஞானமும் அதைவிட ஆழ்ந்த கோபமும் உள்ளவர்.

"முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து வந்த மனுஷர், கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போகிற மாதிரி வாசித்துவிட்டுப் போகிறாரே, இது என்ன நியாயம்? மாமிக்கு மரியாதையாம்! நான் சொல்கிறேன், இது மரியாதை இல்லை. தர்மம் போடுகிறது. அந்தம்மாளின் கௌரவத்தை நினைத்துப் பாரும். 'உனக்கு முடியாது, அதனால் நான் குறைத்துக்கொள்கிறேன்' என்று ஊரார் நடுவில் சொல்வதைவிட வேறு அவமானம் உண்டா?"

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்த வக்கீலின் கேள்வி நியாயமான கேள்வி. தவிர, அதற்கு எதிரிடையான ஒரு காட்சி என் மனசில் வெகு காலமாக உட்கார்ந்திருந்தது.

அது திருச்சியில், ஒரு பெரிய ஹாலில். உள்ளூர் வயலின் வித்வான் ஒருவர். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். சுத்தமான வாசிப்பு, சௌக்கியமான வாசிப்பு. அவருக்கு அறுபது நிறைந்ததற்காக ஒரு பாராட்டுக் கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். அவரோடு ஜோடியாக வாசிக்கப் பிரபல வயலின் வித்வான் ஒருவரை அழைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் அழைத்தார்கள். கீர்த்தனைவரை ஒன்றும் விபரீதமில்லை. ஸ்வரத்தில் ஆரம்பித்தது. வாத்தியார் ஓர் ஆவர்த்தம் வாசித்தார். விருந்தாளி அதை வாங்கி, இரண்டாக்கி, மூன்றாக்கி, கணக்குக்குள் கணக்கு வைத்துத் திருப்பினார். ஹால் அதிர்ந்தது. வாத்தியார் மறுபடி வாசித்தார். மறுபடியும் அதே. நாலாவது தடவை வாத்தியார் வில்லை மடியில் வைத்துக்கொண்டு, 'நீங்களே வாசியுங்கள்' என்று கையைக் காட்டிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பெருந்தன்மை என்று நினைத்து எல்லோரும் இன்னொரு தடவை கை தட்டினோம். நானும் தட்டினேன். தட்டினது மட்டுமில்லை, எழுந்து நின்று தட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை. அதற்குக் காரணம் அந்தச் சாயங்காலந்தான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. முழங்கால் வலி என்றுதான் அவர் சொல்லிவந்தார். பத்து வருஷம் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் காலமாகிவிட்டார்.

விருந்தாளி செய்தது தப்பா? அவர் ஒரு ஸ்வரம்கூடத் தப்பாக வாசிக்கவில்லை. தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார். கொடுக்கத்தான் அழைத்திருந்தார்கள். போட்டி என்று அவர் நினைத்தும் இருக்க மாட்டார். அந்த உயரத்தில் இருப்பவர்களுக்குக் கீழே இருப்பவன் போட்டியாகவே தெரிய மாட்டான். சரி, அவர் குறைத்துக்கொண்டு, வாத்தியாருக்குச் சரிசமமாகச் சாதாரணமாக வாசித்திருந்தால்? அப்போது என் வக்கீல் சிநேகிதரின் குற்றச்சாட்டு வந்து நிற்கும். இரக்கப்பட்டு வாசிப்பது பொய் வாசிப்பு. கேட்கிறவனையும் ஏமாற்றுகிறது, பக்கத்தில் இருப்பவனையும் சிறுமைப்படுத்துகிறது. சதுரங்கத்தில் வேண்டுமென்று தோற்றுக் கொடுக்கிற மாமாவைக் குழந்தைகள்கூட மன்னிப்பதில்லை.

ஆக, பலமுள்ளவன் பலத்தைக் காட்டினாலும் தப்பு, மறைத்தாலும் தப்பு என்று ஆகிறது. இந்த இக்கட்டு சங்கீதத்தில் மட்டும் இருப்பதல்ல. கெட்டிக்கார மகன் ஊருக்கு வந்து தகப்பனாருடன் பேசும்போது இருக்கிறது. பணக்கார மைத்துனன் கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது இருக்கிறது. ஆனால் சங்கீதத்தில் அது காதில் விழுகிறது.

நம்முடைய கச்சேரி சம்பிரதாயத்தில் மோதலுக்கு ஒரு கௌரவமான இடம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் கச்சேரியை 'புல் பெஞ்சு' என்பார்கள். ஹைக்கோர்ட்டில் பல நீதிபதிகள் சேர்ந்து உட்காருகிற மாதிரி, வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியங்கள் சூழ உட்கார்ந்திருக்கும். நம் திருச்சி மலைக்கோட்டை கோவிந்தஸாமிப் பிள்ளை அந்தக் காலத்து வயலினில் தலைசிறந்தவர்; 1879-ல் பிறந்து 1931-ல் மறைந்தவர். அந்த மாதிரி சபையில் யாரும் யாருக்கும் விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. விட்டுக் கொடுத்தால்தான் கோபம் வரும். மல்லனும் மல்லனும் பிடிக்கிற பிடி அது. அதைக் கேட்டவர்கள் ஆயுள் முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். அந்த மோதலில் நான் அநியாயம் எதையும் காணவில்லை. நிற்பதற்கு இடம் உள்ளவனோடு மோதலாம். வாத்தியாருக்கு நிற்க இடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த இடத்தை யார் கொடுப்பது?

மேல்நாட்டாருக்கு 'அறைச் சங்கீதம்' என்று ஒன்று உண்டு. பெரிய அரங்கு வேண்டாம், கைக்கோல் பிடித்து நடத்துகிறவர் வேண்டாம். மூன்று பேர், நாலு பேர், ஐந்து பேர், ஒரு கூடத்துக்குள் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வரி வாசிப்பது. நால்வர் என்றால் இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, ஒரு செல்லோ. அதில் செல்லோவுக்கு வெகு காலம் அடித்தளம் போடுகிற வேலைதான்.

ஒரு சமயம் அந்தச் செல்லோக்காரர் ராஜாவாகப் போய்விட்டார்! பிரஷ்ய தேசத்து அரசர் இரண்டாம் பிரெடெரிக் வில்ஹெல்ம் செல்லோ வாசிப்பவர். மோஸார்ட் 1789-ல் அந்த ஊருக்குப் போய்வந்து, அரசருக்காக ஆறு நால்வர் இசை எழுதுவதென்று ஆரம்பித்தார். மோஸார்ட்டுக்கு அப்போது கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ராஜா வாசிக்கப் போகிற வாத்தியத்தைக் கீழேயே வைத்திருக்க முடியுமா? செல்லோவை மேலே தூக்கினார். உச்சக் குரலில் பாடவைத்தார். இதுவரை முகஸ்துதி. ஆனால் அவர் மோஸார்ட் அல்லவா! ஒருவரைத் தூக்கிவிட்டு மற்ற மூவரை வேலைக்காரர்களாக வைத்தால் நால்வர் இசை கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அதுவரை இட்டு நிரப்பிக்கொண்டிருந்த இரண்டாம் வயலினுக்கும் வயோலாவுக்கும்கூடப் பேச வாய் கொடுத்தார். ராஜா வந்ததால் வீட்டில் எல்லோருக்கும் நல்ல சாப்பாடு கிடைத்த மாதிரி! ஆறில் மூன்றைத்தான் எழுதி முடித்தார். கிடைத்த விலைக்கு விற்றார். 1791 டிசம்பரில் அவர் இறந்தபின் அவை அச்சாகி வந்தபோது அரசர் பெயர் அதில் இல்லை.

அடுத்தது ஷூபர்ட் கதை. இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. நால்வரோடு இன்னொரு செல்லோவைச் சேர்த்து ஐவர் இசை ஒன்று எழுதினார், 1828-ல். அதே வருஷம் நவம்பரில், முப்பத்தொன்றாவது வயசில் இறந்துபோனார். அந்த இசையைப் பொதுச் சபையில் வாசிக்க இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. இன்றைக்கு எங்காவது நிரந்தரமான நால்வர் குழுவுக்குப் புகழ்பெற்ற செல்லோ வித்வான் விருந்தாளியாக வருகிறார் என்றால், பெரும்பாலும் இதை வாசிக்கத்தான். அதன் மெதுவான பகுதியைக் கேளுங்கள். இசைத்தட்டுக்குப் பஞ்சமில்லை. நடுவில் மூன்று பேர் மிக மெள்ளப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அசைகிறார்களா என்றே சந்தேகம் வருகிறது. மேலே முதல் வயலின் ஏதோ ஒன்றிரண்டு வார்த்தை சொல்கிறது. கீழே இரண்டாவது செல்லோ, வில்லைத் தொடாமல், விரலால் தந்தியைச் சுண்டிக்கொண்டே இருக்கிறது. கச்சேரி மேடையில் அதைப் பார்க்கிறவன், 'பாவம், இவ்வளவு பெரிய மனுஷருக்கு இதுதானா வேலை?' என்று நினைக்கலாம். கேட்கிறவன் நினைக்க மாட்டான். அந்தச் சுண்டல் இல்லையென்றால் நடுவில் இருக்கிற மூன்று பேரும் தண்ணீரில் கிடக்கிற இலை மாதிரி எங்கோ போய்விடுவார்கள்.

1952-ல் பிராதெஸ் என்ற சின்ன பிரெஞ்சு ஊரில் பாப்லோ கசால்ஸ் இதை வாசித்துப் பதிவு செய்தார். எழுபத்தைந்து வயது, உலகத்திலேயே பெரிய செல்லோ வித்வான். பிராங்கோவின் ஆட்சியில் தம் ஸ்பெயின் தேசத்துக்குத் திரும்பமாட்டேன் என்று அங்கே எல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைத் தேடி மற்றவர்கள் வந்தார்கள். கசால்ஸ் வாசித்தது முதல் செல்லோ. இரண்டாவது செல்லோ பால் தோர்த்தெலியே. அவரும் சாமானியர் இல்லை. கிழவரே கீழே இருந்திருந்தால் என் கட்டுரைக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இருக்கவில்லை. ஆனால் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதைத்தான் கவனித்தேன். தோர்த்தெலியே அடக்கத்தோடு சுண்டவில்லை. பூரண பலத்தோடு, பூரண கவனத்தோடு சுண்டினார். அந்த வரியில் அவருக்குப் போதிய வேலை இருந்தது.

அந்த இரண்டு இசைகளையும் எழுதியவர்கள் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே இடம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நமக்கு அப்படி எழுதிவைத்த இடம் கிடையாது. அந்த அந்த க்ஷணத்தில் பக்கத்தில் இருப்பவனுக்கு நாம்தான் இடம் போட வேண்டும். நம்முடைய சங்கீதத்தின் பெருமையும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

இதைக் கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருக்கிற லால்குடியிலிருந்து வந்த ஒருவர் நன்றாக யோசித்திருக்கிறார். லால்குடி ஜெயராமன் பெரிய பாடகர்களுக்கெல்லாம் பக்கவாத்தியம் வாசித்து வளர்ந்தவர். 1966-ல் அவர் ஒரு புது ஏற்பாடு செய்தார். தம் வயலின், என். ரமணியின் புல்லாங்குழல், திருவனந்தபுரம் ஆர். வெங்கடராமனின் வீணை, மூன்றும் சமமாக. பாடகர் இல்லை, ஆகவே முன், பக்கம் என்ற பேச்சும் இல்லை. மூன்றில் குரல் சன்னமானது வீணை. வயலின் நினைத்தால் ஒரே இழுப்பில் அதை மூடிவிடலாம். அந்தப் பதிவுகளைக் கேட்கும்போது நான் வயலினைக் கேட்பதில்லை. வீணை பேசும்போது வயலின் என்ன செய்கிறது என்பதைக் கேட்கிறேன். வேறெங்கும் இவ்வளவு நல்ல மரியாதையை நான் கண்டதில்லை என்று தோன்றுகிறது. உபசாரம் செய்கிற மரியாதை இல்லை அது. உன்னிப்பாகக் கேட்கிற மரியாதை.

வீணையின் விஷயமே அலாதி. சென்னையில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் வாசிப்பார். 1938-ல் காலமானவர். பெரிய பெரிய வித்வான்கள் சத்தம் போடாமல் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்களாம். அந்த நாதம் அந்த அறையைத் தாண்டிக் கேட்காது. இதைவிட உத்தமமான 'அறைச் சங்கீதம்' ஐரோப்பாவில் எங்கே இருந்தது? ஒலிபெருக்கி வந்தபிறகு எந்தச் சின்ன நாதத்தையும் பெரிதாக்கிவிடலாம் என்று ஆகிவிட்டது. பாலக்காடு மணி அய்யர் அது வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். அவரைக் கர்நாடகம் என்று சிலர் சிரித்தார்கள். எனக்கு உத்தர வீதிக் கூடத்தில்தான் அவருடைய கட்சி புரிந்தது. ஒலிபெருக்கி இல்லாத இடத்தில் சன்னமான வாத்தியம் கேட்க வேண்டுமானால், கனமான வாத்தியம் மனசு வைத்தாக வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் அதற்கு இன்னொரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. மார்கழியில் இராப்பத்து உற்சவத்தில் நம்பெருமாள் ஆயிரங்கால் மண்டபத்தில் வீற்றிருந்துவிட்டு, இரவு மூலஸ்தானத்துக்குத் திரும்பும்போது வீணை வாசிப்பார்கள். ஏகாந்தம் என்று அதற்குப் பெயர். பகலெல்லாம் ஜனசமுத்திரம், மேளம், கூச்சல், தள்ளுமுள்ளு. அத்தனையும் ஓய்ந்து, கடைசியில் வீணை. அதைக் கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்; கேட்க வேண்டியவர் ஒருவர். அந்த ஒருவர் கை தட்டுவதில்லை, யாரையும் யாரோடும் ஒப்பிடுவதில்லை. ஊரில் பெரிய வித்வான் வாசித்தாலும் சரி, பரம்பரையாய் வாசித்துவருகிற எளிய மனுஷர் வாசித்தாலும் சரி, அவர் பாட்டுக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டுவிடுகிறார்.

திருச்சி ஹாலில் நான் எழுந்து நின்று கை தட்டினேனே, அதை அப்போதுதான் திரும்ப யோசித்தேன். விருந்தாளி வாசித்தார் என்பது உண்மை. அவரை அப்படி வாசிக்க வைத்தவர்கள் யார்? ஒவ்வொரு ஆவர்த்தத்துக்கும் நாங்கள் ஏலம் கூறினோம். முதல் தடவை அவர் திருப்பி வாசித்தபோது ஹால் மௌனமாக இருந்திருந்தால், அல்லது வாத்தியாரின் ஆவர்த்தத்துக்கும் ஒரு 'சபாஷ்' விழுந்திருந்தால், இரண்டாவது தடவை அவர் வேறு மாதிரி வாசித்திருக்கலாம். பெரிய மனுஷரும் காது உள்ளவர்தான். அவர்மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

வக்கீலுக்கு இதையெல்லாம் நான் சொல்லிப் பார்த்தேன். "நீர் கதாசிரியர், எல்லாவற்றையும் ரசிகன் தலையில் கட்டிவிடுவீர்" என்றார். "என் கேள்வி அப்படியே இருக்கிறது. அந்த மாமிக்கு அது தர்மமா, இல்லையா?"

கேட்டுவிடுவது என்று ஒரு நாள் மாமி வீட்டுக்கே போனேன். திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுற்றி வளைத்துக் கேட்டேன். அவளுக்குச் சுற்று வளைவெல்லாம் சரிப்படாது.

"எனக்காகக் குறைச்சுண்டார்னு சொல்றாளா?" என்றாள். "சொல்லட்டும். எனக்கு அன்னிக்கு முதல்லே கோபந்தான். என்னடா இது, பெரியவர் பெரியவர்ங்கறா, ஒண்ணும் வாசிக்காம உட்கார்ந்திருக்காரேன்னு. அப்புறம் பஞ்சமத்திலே நிக்கறேன், என் மீட்டுத் தேஞ்சுபோன இடத்திலே அவர் பிடிச்சுண்டிருக்கார். சரி, விட மாட்டார் போலிருக்குன்னு இன்னும் கொஞ்சம் நின்னு பார்த்தேன். விடலை. காம்போஜியை நான் அவ்வளவு விளம்பத்திலே வாசிச்சு இருபது வருஷம் ஆச்சு. தெரியுமோ உங்களுக்கு? கேக்காதுன்னுட்டு வேக வேகமாப் போயிண்டிருந்தேன் இத்தனை நாளும்."

கீரையைத் தட்டில் தள்ளினாள்.

"அவர் குறைச்சுண்டிருந்தா எனக்குத் தெரியாதா? சின்னக் குழந்தைகளோட நான் வாசிக்கறேனே, அப்போ நான் குறைச்சுக்கறேன். அது வேறே மாதிரி இருக்கும். கை ஓஞ்சுபோயிருக்கும், மனசு எங்கேயோ இருக்கும். இவர் வேர்த்து விட்டுண்டிருந்தார். முக்காலியிலே உட்கார்ந்து இடுப்பு வேறே வலிச்சிருக்கும், பாவம்."

அவ்வளவுதான் சொன்னாள். வக்கீலிடம் வந்து அப்படியே ஒப்பித்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அந்தம்மாள் சாட்சி நம்பகமானதுதான். ஆனால் நான் வாசிப்பைக் கேட்கவில்லையே, அதற்கு என்ன சொல்கிறீர்?" என்றார். அவருக்கு நஷ்டம் நஷ்டந்தான். அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தச் செல்லோ வித்வானின் முழு வேகத்தையும் நானும் அன்று கேட்கவில்லை. இனிமேல் கேட்கச் சந்தர்ப்பம் வருமோ, என்னவோ!

மாமி காபி கொண்டுவர உள்ளே போனபோது கூடத்தை எட்டிப் பார்த்தேன். தரையில் ஒரு கீறல் இல்லை. மணை சுவரில் சாத்தியிருந்தது. நடுவில் ஊசிக்கால் இறங்கின இடத்தில் மிளகு பிரமாணம் ஒரு குழி. "இழைத்துக் கொடுக்கச் சொல்லலாமே, தச்சன் பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறான்?" என்றேன்.

"உட்கார்ந்தா உறுத்தலை. எதுக்கு இழைக்கணும்?" என்று டம்ளரை நீட்டினாள்.